தவறணையான மூன்று வீடுகள்

எங்கள் வீட்டில் 'பப்' என்ற சொல்லுக்குத் தமிழ், தவறணை. அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படிக்க வந்து இரண்டாம் வருடம் முடியும்வரை, வகுப்பில் யாராவது கூப்பிட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவந்தேன். ஒருநாள் குழு ஒப்படை முடிந்த சந்தோசத்தில் போயேவிட்டேன். (நான் குடித்தது இஞ்சிச் சோடா. நம்பினால் நம்புங்கள்.)

போன இடம் மடிசன் அவெனியூ பப். வாசலில் நின்றபோது, யாருடைய வீட்டுக்கோ சொல்லாமல் கொள்ளாமல் போவதுபோல ஒரு கூச்சம். அது வீடுதான். ஒன்றல்ல, மூன்று. விக்டோரியா மகாராணி காலத்துச் சிவப்புச் செங்கல் வீடுகள். 1983இல் பப் தொடங்கி, இப்போது மூன்றும் ஒன்றாகிவிட்டன. உள்ளே இரண்டு படி ஏறி ஒரு பக்கம் திரும்பினால் எந்த வீட்டில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இந்தப் பகுதிக்கு அனெக்ஸ் என்று பெயர். 1880களில் காணிகளாகப் பிரித்து விற்கப்பட்டு, 1887இல் நகரத்தோடு இணைக்கப்பட்டது. இதே தெருவில் 37ஆம் இலக்க வீட்டைக் கட்டியவர் ஈ. ஜே. லெனொக்ஸ், பழைய நகர மண்டபத்தையும் காசா லோமாவையும் வடிவமைத்த அதே ஆள். கீழே கரடுமுரடான கல், மேலே செங்கல், அரைவட்ட வளைவு, ஒரு மூலையில் கோபுரம். இடப்பக்கம் வலப்பக்கம்போல இருக்கக்கூடாது என்று அடம்பிடித்துக் கட்டியமாதிரி இருக்கும். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பல வீடுகள் எழுந்ததால் 'அனெக்ஸ் பாணி' என்றே பெயர் வந்துவிட்டது.

பிறகு பணக்காரர்கள் வடக்கே போனார்கள். பல வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. பக்கத்துத் தெருவான ஸ்பெடைனா வழியே ஒரு பெருந்தெரு போடவும் திட்டமிருந்தது. ஜேன் ஜேக்கப்ஸ் உட்படப் பலர் போராடி, 1971இல் மாகாண அரசு அதைக் கைவிட்டது. இல்லாவிட்டால் நான் இஞ்சிச் சோடா குடித்த இடத்தில் கார்களின் இரைச்சல்தான் கேட்டிருக்கும்.

எங்கள் வரிப் பாடத்தில், பெரும்பாலான கட்டடங்களுக்கு வருடம் 4 வீதம் தேய்மானம், குறைந்து செல் மீதி முறையில். அந்தக் கணக்கில் நூறு வருடம் தாண்டிய வீட்டின் பெறுமதி ஏறத்தாழ பூச்சியம். ஆனால் இங்கே ஆட்கள் வருவதே அந்தச் சின்னச் சின்ன அறைகளுக்காக. புதிதாகக் கட்டியிருந்தால் ஒரே மண்டபமாக இருந்திருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேசவேண்டும். கணப்படுப்புக்கு மேலே பெரிய தொலைக்காட்சியைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் ஹொக்கி பார்க்க வருபவர்களின் காசுதான் கூரையைத் திருத்துகிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றிரவு கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். வேறு வழியில்லாமல் அப்பாவுக்கு அடித்து, நிற்கும் இடத்தைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு சத்தமுமில்லை. வந்து சேர்ந்தவர் காரில் இருந்தபடி ஹோர்ன் அடிக்கவுமில்லை. இறங்கி வந்து செங்கல்லைத் தடவிப் பார்த்தார். இருபது வருடமாக வீடு திருத்தும் வேலை செய்பவர்.

"உள்ளுக்குப் போகலாமே, பிள்ளை?"

போனோம். நடந்துகொண்டே சுவரை விரல்மடக்கால் தட்டினார். ஓரிடத்தில் மொத்தமான சத்தம். "இது பழைய சாந்து. மரச்சலாகை அடிச்சு அதுக்கு மேல பூசினது." அடுத்த அறையில் தட்டினால் டொக் என்று வெறுஞ்சத்தம். "இது நாங்கள் அடிக்கிற போர்ட்." பிறகு மேலே பார்த்தார். "குடும்பம் இருக்கக் கட்டின தளம். இவ்வளவு சனம் ஏறி நிண்டால் தாங்காது. கீழால ஏதோ முண்டு குடுத்திருக்கிறாங்கள்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இன்றைய விதிப்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 1.9 கிலோநியூட்டன் தாங்கினால் போதும். சனம் கூடும் இடமென்றால் 4.8.

காரில் ஏறியதும் பேச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். புளோர் வீதி தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒருநாள் பகலில வரவேணும். இருட்டில கூரை வடிவாத் தெரியேல்ல."

அம்மாவுக்கு இன்னும் நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.