இல்லாத ஆளின் பெருவிரல்

அம்மம்மா பன்னிரண்டு வயதிலிருந்து பனையோலையில் கடகம் இழைக்கிறா. போன வருசம் ஒரு அலுவலுக்காகக் கூட்டிக்கொண்டு போனேன். மெசின் அவவின் பெருவிரலை எடுக்கவே இல்லை. துடைத்து வைத்தும் சரிவரேல்ல, அழுத்தி வைத்தும் சரிவரேல்ல. "வடிவா வையுங்கோ அம்மா" என்று அங்கிருந்த அண்ணா மூன்று தரம் சொன்னார். "எனக்கு ரேகை இல்லையாம் பிள்ளை" என்று அம்மம்மா சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரேல்ல.

அந்தக் கோபத்தோடு இணையத்தில் தேடப்போய், ஆளே இல்லாத விரல்களுக்கு ரேகை செய்கிறவர்களிடம் போய் நின்றேன். (நான் கலைப்பீடம். கணிதம் ஓஎல்லோடு சரி.) இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருள் அது. முதலில் விரலின் வெளிவடிவம், பிறகு ரேகைகள் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்ற திசைப்படம். அதன்மேல் சில புள்ளிகளை மட்டும் வைத்து ஒரு வடிகட்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். புள்ளிகளிலிருந்து ரேகை வளருகிறது. ஒரு கோடு எங்கே முடியும், எங்கே இரண்டாய்ப் பிரியும் என்று ஒருவரும் கீறிக் கொடுப்பதில்லை, தானாகவே வருகிறது. இந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

2000ஆம் ஆண்டு ரேகை ஒப்பிடும் மென்பொருள்களுக்கு ஒரு போட்டி நடந்தது. அதில் கொடுத்த நான்கு தொகுப்புகளில் ஒன்று முழுக்க இப்படிச் செய்தது: 110 விரல்கள், விரலுக்கு 8 பதிவுகள். உண்மையான ரேகையை எல்லாருக்கும் பகிர ஏலாது. களவு போனால் பாஸ்வேர்ட் மாதிரி மாற்றவும் ஏலாது. இன்னொன்று, செய்த விரலில் எது எதோடு பொருந்தும் என்று முதலே தெரியும். அதனால் மென்பொருள் எத்தனை தரம் பிழைவிட்டது என்று எண்ணலாம். குற்றம் நடந்த இடத்து ரேகையில் அந்த விடை கையில் இல்லை. 2004 மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், ஒரு பையிலிருந்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் பிரண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்பிஐ சொன்னது. இரண்டு கிழமை அவர் தடுப்பில் இருந்தார். அது வேறொருவருடைய ரேகை என்று ஸ்பெயின் பொலிஸ்தான் சொன்னது.

செய்த ரேகை முதலில் அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக இருக்குமாம். பிறகுதான் வேணுமென்றே கெடுக்கிறார்கள்: காய்ந்த தோல், ஈரம், சரிந்து வைத்த விரல், இழுபட்ட தோல். ஆனால் செய்கிறவருக்குத் தெரிந்த தேய்வைத்தானே அவர் சேர்ப்பார்? ஓலை அறுத்த விரலை அங்கே ஆர் கண்டது?

கடைசியில் அம்மம்மாவின் இடக்கை விரல் ஒன்றுதான் ஏறினது. வீட்டுக்கு வந்த கையோடு, பாதியில் கிடந்த கடகத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் இருந்திட்டா.