சாரல் மேல் போட்ட பழி

அண்ணாச்சியின் ரேடியோ ஸ்கேனரைக் கெடுத்தது குற்றாலத்துச் சாரல் இல்லை, நான்தான். கெடுத்ததைவிடச் சாரலைக் கைகாட்டியதுதான் பெரிய அயோக்கியத்தனம்.

மேலகரத்தில் இருக்கும் அண்ணாச்சி, வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருக்கும் ஹாம் ரேடியோக்காரர். என்னிடம் அப்போது ஒரு காகிதமும் கிடையாது. 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டப்படி உரிமம் இல்லாதவன் ஸ்கேனர் மாதிரி ஒரு பெட்டியை வைத்திருப்பதே தப்பு. அது தெரிந்தும், "கேட்டுட்டு பத்திரமா கொண்டாடே" என்று கொடுத்தார். திறக்கட்டுமா என்று கேட்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸ் பிடித்திருப்பார். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே திறந்தேன்.

என் ஆசை வானிலை பலூன்மேல். திருவனந்தபுரத்தில் வானிலைத் துறை காலையும் மாலையும் ஐந்தரை மணியை ஒட்டி பலூன் விடுகிறது. அதில் தொங்கும் ரேடியோசோண்டே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, 400 முதல் 406 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் அலைவரிசையில் அனுப்பிக்கொண்டே ஏறும். தென்காசிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே மலை மறிக்கிறது. பலூன் மலைக்கு மேலே தலைகாட்டிய பிறகுதான் நமக்குக் கேட்கும். ஜூன், ஜூலையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் அதே மேற்குக் காற்று பலூனையும் நம் பக்கம் தள்ளும். பல கிலோமீட்டர் உயரம் போனதும் காற்றின் திசையே மாறிவிடும். கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று அதைக் கடல் பக்கம் இழுத்துப்போகும். அந்தத் திருப்பத்தை எண்களாகப் பார்க்க வேண்டும் என்று பைத்தியமாக இருந்தேன்.

ஸ்பீக்கருக்கு வரும் ஒலி அதற்கு உதவாது. அது மனிதக் குரலுக்காகச் செதுக்கியது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, மேலே போகப்போகத் தணிப்பு. பேச்சுக்கு அது சுகம். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் பிட்டுகளோ ஆற்றுக் கூழாங்கல் மாதிரி முனை மழுங்கி வரும். எது ஒன்று, எது சுழி என்று கணினியால் பிரிக்க முடியாது. எனவே வடிகட்டிகளுக்கு முன்னாலேயே, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரில் இருந்து ஒரு கம்பி இழுக்க வேண்டும். அந்த செட்டில் இருந்தது எம்சி 3361 சிப். அதன் 9-ஆம் காலில் சீவாத ஒலி கிடைக்கும். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், கொஞ்சம் ஷீல்டு வயர், அங்கிருந்து கணினியின் சவுண்ட் கார்டு. வேலை இவ்வளவுதான்.

கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர். என் கையில் இருந்ததோ பழைய டிவிக்குப் பற்றவைக்கிற தடித்த சால்டரிங் அயர்ன். 9-ஆம் கால் பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த 10-ஆம் காலின் செம்புத் தடம் சூட்டில் பெயர்ந்ததை நான் கவனிக்கவில்லை. ஸ்பீக்கர் ஓயாமல் இரைந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. திரையில் எண்கள் விழுந்துகொண்டிருந்தன, எனக்கு அது போதும்.

சிப்பின் டேட்டா ஷீட்டை வேலை முடிந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன். யாரும் பேசாத சேனலில் இரைச்சல் மிகுந்திருக்கும். அந்த இரைச்சல் 10-ஆம் கால் வழியே உள்ளே போனால்தான் ஸ்குவெல்ச் என்ற இரைச்சல் தடுப்பு ஒலியை அடைக்கும், செட்டும் அடுத்த சேனலுக்கு நகரும். தடம் அறுந்ததும் எல்லாச் சேனலிலும் ஆள் இருப்பதாக செட் நம்பிவிட்டது. முதல் சேனலிலேயே இரைந்துகொண்டு நின்றது. ஸ்கேன் செய்யாத ஸ்கேனர்.

தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பியைப் பாலமாக வைத்தால் சரியாகியிருக்கும். அன்றைக்கே தெரியும். ஏற்கெனவே ஒரு தடத்தைப் பெயர்த்த கை, இன்னொன்றையும் பெயர்த்துவிட்டால் மொத்தமாக மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். இழுத்த வயரை நறுக்கிவிட்டு, திருகுகளை முடுக்கி, துணியால் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னடே, செட்டு ஒரே இரைச்சலா நிக்கி?" என்று கேட்டார்.

"சாரல் ஈரம் இறங்கிருக்கும் அண்ணாச்சி."

"ஈரந்தானா? சவத்த அரிசிக்குள்ள போட்டு வச்சிப் பாக்கேன்."

அரிசி டின்னுக்குள் வைத்தார். அப்புறம் குண்டு பல்பின் சூட்டில் வைத்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் ஈரம் போகலடே" என்பார். "இந்த வருசம் சாரல் ஜாஸ்தில்லா" என்பேன். சந்தேகப்பட்டிருந்தாலாவது ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ, அவர் படவில்லை.

2012-ல் டிவி பார்க்கும் யுஎஸ்பி டாங்கிள் ஒன்றையே ரேடியோவாக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று அதற்குப் பெயர். எதையும் திறக்க வேண்டாம், பற்றவைக்க வேண்டாம், சீவாத அலை நேராகக் கணினிக்குள் வந்துவிடும். எனக்கொன்று வாங்கியபோது அண்ணாச்சிக்கும் ஒன்று வாங்கினேன். செட்டு இரவல் கொடுத்ததற்கு நன்றியாக்கும் என்று நினைத்து, தெருவெல்லாம் என்னைப் புகழ்ந்தார். அது நஷ்டஈடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரை அச்சாகும் இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுக்கச் சொல்லித் தம்பியை அனுப்புவதாக இருக்கிறேன். நேரில் போகிற துணிச்சல் இன்னும் வரவில்லை.