வால்பாறையிலிருந்து: தேயிலை பேசும் மூன்று படைப்புகள்

வால்பாறை

அன்புள்ள தோழிக்கு,

'எரியும் பனிக்காடு' படித்து முடித்துவிட்டேன். நாவல் என்ற அளவில் அதில் எனக்கு மனக்குறை உண்டு. ஆனாலும் நீ கட்டாயம் படிக்க வேண்டும்.

எழுதியவர் பி.எச். டேனியல், 1940களில் இந்த வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று வந்தது, இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். நெல்லைச் சீமையில் பிழைக்க வழியின்றி, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி நீட்டிய முன்பணத்தை நம்பிக் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் மலையேறுகிறார்கள். அந்தக் கடன் அடைவதே இல்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் சுகமாகக் கடந்து வந்த எனக்கு, அவர்கள் நடந்து ஏறுவதைப் படிக்கும்போது நெஞ்சு அடைத்தது.

காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் தொழிலாளர்களின் லைன் வீடுகளைக் காலி செய்யும் பக்கங்களில்தான் டேனியலின் எழுத்து உச்சத்தைத் தொடுகிறது. நோயாளியைத் தொட்டுப் பார்த்தவரின் எழுத்து அது. மற்ற இடங்களில் மேஸ்திரியும் துரையும் அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. வள்ளி படும் பாடெல்லாம் புரிகிறது. வள்ளி யாரென்று கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த ஏக்கத்தில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை மறுபடி எடுத்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. ஒரு சிறுகதைக்குள் மருதி முழு மனுஷியாக எழுந்து நிற்கிறாள். என்னைக் கேட்டால் தோட்டத் தொழிலாளர் பற்றித் தமிழில் இதற்கு மேல் ஒன்று வரவில்லை.

மூன்றாவது, ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) நீலகிரிப் படுகர்களின் கதை. அங்கே தேயிலை சொந்த நிலத்துக்குள் நுழைந்து குடும்பங்களை மாற்றுகிறது. முற்பாதி அருமை, பிற்பாதி நீளம்.

நேற்று மழை விட்டிருந்த நேரத்தில் சாலையோரத் தோட்டத்தில் தொழிலாளர்கள் கொழுந்தெடுப்பதைப் பார்த்தேன். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கத்தரியோடு சேர்ந்த பெட்டியில் கொழுந்து நிறைந்ததும், தோளுக்கு மேலே வீசி முதுகுப் பைக்குள் கொட்டினார்கள். ஓர் அக்கா காலில் ஏறிய அட்டையை விரலால் சுண்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். இந்த வேலையின் வலியை டேனியல் எனக்குச் சொல்லியிருந்தார். அதிலுள்ள கைத்திறனை நேற்றுதான் கண்டேன்.

இன்னொன்று. 'எரியும் பனிக்காடு' நாவலைத் தழுவிய 'பரதேசி' (2013) படத்தைப் பார்த்ததால் நாவலையே தெரியும் என்று நம் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். படத்தில் வரும் மருத்துவர் பாட்டும் ஆட்டமுமாக மதம் பரப்புகிறவர். நாவலை எழுதிய மருத்துவரோ தோட்டத்தில் வேலை செய்தவர்களின் உரிமைக்காக நின்றவர். அவருக்கு அந்தப் படம் நியாயம் செய்யவில்லை.

நீ முதலில் 'துன்பக்கேணி'யைப் படி. பிறகு டேனியலிடம் வா. படித்ததும் எனக்கு எழுது. வள்ளியைப் பற்றி நான் சொன்னது சரியா என்று உன் வாயால் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி