ஒரே மேசையைச் சுற்றி

“உழைப்பது என் மகள் ஒருத்தி, மதிப்பெண் மட்டும் ஐவருக்குமா, சாமி?” ஆங்கில வகுப்பில் மாணவரைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு பணியைக் கூட்டாகச் செய்விக்கும் முறையைக் குறித்துப் பெற்றோர் நம்மிடம் எழுப்பும் வினா இது. வினா நியாயமானதே. நால்வர் கைகட்டி அமர்ந்திருக்க ஒருவர் எழுதுவதைக் கூட்டுப்பணி என்று எவரும் சொல்லார். எனவே, அப்பணியை எவ்வாறு அமைப்பது என்பதே நாம் ஆராய வேண்டியது.

இத்தாலியில், பிளாரன்சு மறைமாவட்டத்து மலைப்பகுதியில் பார்பியானா என்னும் சிற்றூர் உள்ளது. 1954 டிசம்பரில் அங்கு அனுப்பப்பட்ட லொரென்சோ மிலானி அடிகளார், ஏழைக் குடியானவர் பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி நடத்தினார். மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தனர். பின்தங்கியவன் புரிந்துகொள்ளும்வரை பாடம் நகராது. 1967இல் அவர் மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்னும் நூல் வெளிவந்தது. ஒவ்வொருவனும் தன் கருத்துகளைத் தனித்தனித் தாள்களில் குறித்தான். தாள்களை மேசைமீது பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, இருமுறை வந்தவற்றை நீக்கி, அதிகாரங்களாக அடுக்கினர். பின்னர் வரிவரியாகப் படித்து, மிகையான சொற்களைக் களைந்தனர். அவ்வாண்டு ஜூன் 26 அன்று அடிகளார் தம் 44ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருத்தந்தை பிரான்சிசு அங்குச் சென்று அவர் கல்லறையருகே செபித்தார்.

இம்முறை நம் உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பிற்கும் பொருந்தும். ஆங்கிலம் பேசவிடாமல் நம் பிள்ளைகளைத் தடுப்பது பெரும்பாலும் நாணமே. நாற்பது பேர் முன் பிழைபடப் பேசினால் நகைப்பர் என்று அஞ்சுபவன், நால்வரிடையே வாய் திறக்கிறான்.

நாம் தாளாளராயிருக்கும் கடற்கரைப் பள்ளியில், ஊர்த்தொழில்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிற்றேடு எழுதும் பணியை ஓர் ஆசிரியை ஒன்பதாம் வகுப்பினருக்குக் கொடுத்தார். ஒருவர் தொழிலாளரிடம் கேட்டுத் தமிழில் குறிப்பெடுக்க வேண்டும்; மற்றொருவர் அகராதியில் சொல் தேட வேண்டும்; வேறிருவர் வாக்கியம் அமைக்க வேண்டும்; இன்னொருவர் பிழை திருத்த வேண்டும். அடுத்த தொழிலுக்குச் செல்லும்போது பொறுப்புகள் மாறும். முடிவில் ஆசிரியை எவரை அழைத்தாலும் அவர் முழு ஏட்டையும் ஆங்கிலத்தில் விளக்கியாக வேண்டும். மதிப்பெண்ணில் பாதி குழுவிற்கு. மறுபாதி அவரவர் விளக்கத்திற்கு. ஆகவே சோம்பியிருப்பவர் பிறர் உழைப்பில் ஒளிந்துகொள்ள இயலாது. வல்லவரும் மெலிந்தவரை விட்டுவிட்டு முன்னேற இயலாது.

அவ்வாண்டு முழுவதும் பேசாதிருந்த ஒரு மீனவர் மகன், வலைகளைப் பற்றி எழுதும் முறை வந்தபோது தலைநிமிர்ந்தான். கரைவலையை எத்தனை பேர் இழுப்பர், எக்காற்றில் எவ்வலை போடுவர் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். வகுப்பில் முதல்வியான மாணவி அவனிடம் கேட்டே எழுத வேண்டியிருந்தது. அவன் சொன்னதை ஆங்கிலமாக்கி, அவ்வாக்கியங்களை அவள் அவனுக்கே கற்பித்தாள். தான் அறிந்த இலக்கண விதிக்குக் காரணம் சொல்ல நேர்ந்தபோது, அவள் அதனை இரண்டாம் முறையாகக் கற்றாள். அவளுக்கு ஏற்பட்ட நட்டம் எது?

ஓர் உடலில் உறுப்புகள் பல. வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பும் இன்றியமையாதது என்று புனித பவுலடியார் கொரிந்தியருக்கு அறிவுறுத்தினார். ஞாயிறுதோறும் நாம் கோவிலில் கேட்கும் இப்படிப்பினையைப் பிள்ளைகள் திங்களன்று வகுப்பில் வாழ்ந்து பார்க்கட்டும்.

அன்புள்ள பெற்றோரே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் மதிப்பெண்ணைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லோம். அத்துடன், “உன் குழுவில் இன்னும் புரியாதவர் யார்? நாளை அவருக்கு நீ என்ன சொல்லிக்கொடுப்பாய்?” என்றும் கேளுங்கள்.