மழை விட்டபின்னும் சொட்டும் கூரை

வெள்ளம் வடிந்ததும் நிவாரணப் பொதி வரும். கிணறு இறைப்பார்கள், முற்றத்துச் சேற்றை அள்ளுவார்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் நனைந்து கிடப்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சிக் கிராமங்கள் வெள்ளத்துள் அகப்பட்டபோது, பெண்கள் பலர் தங்கள் பெட்டிகளை அட்டாளையில் ஏற்றினார்கள். கீழே வந்த தண்ணீர் தொடவில்லை. கூரையாணித் துளைகளால் இறங்கிய மழை தொட்டுவிட்டது. நான் களவேலைக்குப் போன வீடொன்றில் நனைந்தவை, காணாமற்போன கணவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டுத் துண்டுகள்.

தை பிறந்து மழை விட்ட பிறகும் அங்கே விடியற்காலையில் சீலிங்கால் சொட்டியது. “இன்னும் ஒழுகுது பிள்ளை, மேசன் சரியா அடைக்கேல்லை” என்றார் அந்த அக்கா. அது ஒழுக்கு அல்ல. பகல் வெயிலில் அஸ்பெஸ்டஸ் சீற் கொதிக்க, நனைந்த மரமும் சீலிங்கும் ஆவி விடுகின்றன. அது வெளியேற வழியில்லை. முகட்டுச் சுவர் இரண்டும் உச்சிவரை பூசி அடைத்தவை. இரவில் சீற் குளிர, அதே ஆவி நீராகித் திரும்ப விழுகிறது.

எங்கள் அம்மம்மாக்களின் கிடுகு வீட்டுக்கு இந்த வில்லங்கம் இல்லை. கூரையே மூச்சு விட்டது; அடுப்புப் புகையும் மேலேறி உலர்த்தியது. (அந்தப் புகை பெண்களின் நெஞ்சைக் கெடுத்தது வேறு கதை.) ஓட்டு வீட்டிலும் ஓட்டிடுக்கால் காற்றுப் போகும். வீட்டுத்திட்டக் கூட்டத்தில் எத்தனை அறை என்று சொன்னார்கள். கூரைக்குள் காற்று எதாலே போவது என்று, அந்த வீட்டில் நாள் முழுக்க இருக்கப்போகிறவளிடம் ஒருவரும் கதைக்கவில்லை.

வாடைக்காலத்தில் காற்றே ஈரம். மழை நேரம் திறந்து வைத்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் எறிக்கும் நாளில், முற்பகலில் சீலிங்கின் மூலைப் பலகைகளைக் கழற்றி யன்னல்களையும் திறவுங்கள். பொழுதுபட முன் மூடுங்கள். சீலிங்கும் அஸ்பெஸ்டஸ் என்றால் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்கு நஞ்சு. சீற்றில் ஏறவும் வேண்டாம், உடைந்து விழுவீர்கள். நிலையான வழி, முகட்டுச் சுவர் இரண்டிலும் உச்சிக்குக் கிட்டப் பூக்கல் வைத்து வலை அடிப்பதுதான்.

அக்கா சீட்டுக்காசில் பூக்கல் வைப்பித்தார். விடியற்காலைச் சொட்டு நின்றது. துண்டுகளை நிழலில், பத்திரிகைத்தாள் இடையிட்டுக் காயவைத்தோம். திகதி தெரிகிறது, இலக்கம் கரைந்துவிட்டது. அதற்காக அவர் திரும்பவும் அலுவலகம் ஏற வேண்டும்.