36-க்கு 24

ஃபுல் ஃபிரேம் கேமராவின் உள்ளே இருக்கும் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். தீப்பெட்டியைவிடச் சின்னது. திருச்சியில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் அப்படி ஒரு கேமராவான தன் கேனான் ஈஓஎஸ் ஆர்பியை விற்கப்போவதாகச் சொல்லி, வைத்துப் பார்க்கக் கொடுத்தார். அது கைக்கு வந்ததிலிருந்து ஒரே கேள்வி: இந்த அளவை யார், எதற்காக முடிவு செய்தார்கள்?

முதலில் கேமராவைச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் வந்தது. பேட்டரி, கார்டு சேர்த்து 485 கிராம், 26.2 மெகாபிக்சல். சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இல்லை. ஒரு சார்ஜில் சுமார் 250 படம் என்கிறது கம்பெனிக் கணக்கு. கேமரா உடலில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஆனாலும் 160 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக்குப் போனபோது இந்தக் குறையெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரைத் தூண்களுக்குப் பின்னால் நல்ல இருட்டு. ஐஎஸ்ஓ 3200-ல் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், கடிவாளத்தின் முறுக்கில் உளி போன தடம் வரை இருந்தது. என் பழைய சின்ன சென்சார் கேமரா இதே இடத்தில் கல்லை மாவாகக் குழைத்துத்தான் தந்திருக்கிறது.

இதே கோயிலை முதலில் படம்பிடித்தவர்கள் இருட்டை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்கப் போய், லின்னேயஸ் ட்ரைப்பிடம் வந்து சேர்ந்தேன். சென்னை மாகாண அரசு 1856-ல் நியமித்த போட்டோகிராபர் அவர், ராணுவ அதிகாரி. 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக் கிளம்பினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று எடுத்த படங்கள் 1858-ல் தொகுதிகளாக வந்தன. ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் தனித்தனித் தொகுதி. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம்.

அவருடைய நெகட்டிவ் மெழுகு தோய்த்த காகிதம். ஓரடிக்கு மேல் நீளம். அன்று பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் வழக்கம் இல்லை. படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு, கேமராவும் அதற்கேற்ற பெட்டி. வெளிச்சம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அதனால் மனிதர்கள் அபூர்வம். ஜனமே இல்லாத ஊர் போல இருக்கும். இன்னொரு சங்கதி என்னை வெகுநேரம் நிறுத்தியது. அந்தக் காகிதத்துக்கு நீல நிறம் சட்டென்று பதிந்துவிடும், ஆகவே வானம் முழுக்க வெளுத்துப்போகும். ட்ரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் சாயம் தீட்டி மேகம் வரைந்திருக்கிறார்! 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

எடையும் செலவும்தான் அடுத்த கட்டத்தைக் கொண்டுவந்தன. ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊரில் லைட்ஸ் கம்பெனியில் மைக்ரோஸ்கோப் செய்யும் இடத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தட்டுக் கேமராவைச் சுமந்து மலையேற முடியவில்லை. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் வகுத்த 35 மி.மீ. சினிமா ஃபிலிமை எடுத்துக்கொண்டார். சினிமாவில் ஒரு கட்டம் 18-க்கு 24. ஃபிலிமைக் குறுக்காக ஓடவிட்டு, இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாக்கினார்: 24-க்கு 36. மாதிரிக் கேமரா 1914 வாக்கில் தயார். உலகப்போர் முடிந்து, 1925-ல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. சிறிய நெகட்டிவ், பெரிய படம் என்பதே அவர் கொள்கை. என் கேள்விக்கு விடை இவ்வளவுதான்: மூச்சுத்திணறும் ஒரு மனிதர் தூக்கக்கூடிய அளவு.

பிறகு உலகம் முழுக்க லென்ஸ்கள் அந்த அளவுக்கே செய்யப்பட்டதால் டிஜிட்டலும் அதைத் தேடிப் போனது. அவ்வளவு பெரிய சிலிக்கான் வெட்டுவது மகா செலவு. 2005-ல் கேனான் 5டி வந்தபோது விலை 3,299 டாலர். ஆர்பி 1,299-க்கு வந்தது. திருச்சியில் கல்யாண வேலை செய்கிறவர் கைக்கு இந்தச் சென்சார் எட்டியதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

வானம் மட்டும் ஆர்பிக்கும் தகராறுதான். வெள்ளைக் கோபுரத்தின் மேல் உச்சிவெயில், கீழே வாசல் நிழல். இரண்டையும் ஒரே படத்தில் கேட்டால் திணறுகிறது. வானத்துக்குச் சரியாக வைத்து நிழலைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் புள்ளி புள்ளியாகக் கிளம்புகிறது. விலை கூடிய கேமராக்கள் இதில் தெளிவாக முன்னே நிற்கின்றன. காலையிலேயே போய்விட்டால் பாதித் தொல்லை இல்லை.

ராஜகோபுரத்துக்கு 50 மி.மீ. போதாது. ட்ரைப் வந்தபோது அது அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம். 1987-ல்தான் 13 நிலையும் 236 அடியும் நிறைந்தது. கீழே தெருவில் நின்று முழுதாக எடுக்க 16 மி.மீ. லென்ஸ் வேண்டும். சின்ன சென்சாரில் அதன் பார்வை 25 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், ஆர்பியில் முழுதாகக் கிடைக்கும். நண்பரிடம் அந்த லென்ஸும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.