என் பங்கு இருநூறு ரூபாய்



மலருக்குக் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை. போன வருடம் ஒரு நண்பனின் பிறந்தநாள் 'ட்ரீட்' அப்படியொரு தோப்பில், மோட்டார் ரூம் பக்கத்தில் நடந்தது. ஆறு பேர். தலைக்கு இருநூறு ரூபாய். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. எங்களில் ஒருவனுக்கும் 19 தாண்டவில்லை. ஆனால் வாங்கித் தர ஒரு அண்ணன் எப்போதும் கிடைத்துவிடுகிறார்!

நான் குடிக்கவில்லை. (அதில் பெருமை ஒன்றுமில்லை. எங்கப்பா எனக்கும் சேர்த்துக் குடித்துவிட்டார்.) பிறந்தநாள்காரனை, "மாப்ள, ஒரே மூச்சுல அடிடா பாப்போம்" என்று உசுப்பேற்றினார்கள். நானும் கை தட்டினேன். வெறும் வயிற்றில், தண்ணீர் கலக்காமல், ஒரு குவார்ட்டர் முழுவதும் உள்ளே போனது.

பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் டிப்ளமோக்காரர்கள் அல்லவா! 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது 77 மி.லி., எடையில் சுமார் 60 கிராம். ஈரலால் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கழிக்க முடியும். மோர் கொடுத்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. அவன் விழுந்த பிறகும் வயிற்றில் இருந்தது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

"தூங்கட்டும், காலைல சரியாயிரும்" என்று மல்லாக்கப் போட்டுவிட்டுப் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவன் மூச்சு விட்டு விட்டு வந்தது. எனக்கு வீட்டு ஞாபகம். அப்பா விழுந்து கிடக்கும் ராத்திரிகளில் அம்மா திட்டிக்கொண்டே அவரை ஒருக்களித்துத் திருப்பும். "மல்லாக்கக் கெடந்தா வாந்தி மூச்சுல ஏறிரும்டா." அதேபோல் இவனையும் திருப்பினேன். அடுத்த நிமிடம் வாந்தி. கிள்ளியும் கண் திறக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

108-க்கு போன் போடப் போனேன். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். "காலேஜுக்குத் தெரிஞ்சா டி.சி.தான்டா!" பத்து நிமிடம் சண்டை. அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்.

"பொழச்சுக்கிட்டான்ல சாமி?" என்றது அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "படிக்காத மனுசங்கதான் இப்படின்னு நெனச்சேன்" என்றது. பிறகு, "யாரு காசுல வாங்குனீங்க?"

ரெக்கார்டு நோட்டுக்கென்று, களை எடுத்த கூலியில் அம்மா கொடுத்த இருநூறு ரூபாய் அது. நான் பதில் சொல்லவில்லை. அம்மா மறுபடி கேட்கவும் இல்லை.